பவளத்தின் மூன்று நிமிஷம்

பவளத்துக்குக் கை வேகம் என்பது ஊரறிந்த சங்கதி. பாலக்கோட்டுப் பக்கம் அவள் பிறந்த ஊரில் மாசி, பங்குனி வந்தால் வீட்டுக்கு வீடு புளி மூட்டை இறங்கும். ஓடு தட்டி, நார் உரித்து, கொட்டை எடுத்துக் கொடுக்க வேண்டும். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்ட பவளம் உட்கார்ந்தாளானால், பக்கத்தில் இரண்டு பேர் சேர்ந்து செய்தாலும் அவள் கூடைக்கு ஈடு வராது. பெண் பார்க்க வந்த செல்வம்மாள் கேட்டது ஒரே கேள்விதான்: "பொண்ணுக்குக் கை ஓடுமா?" மூலையில் நிறைந்து கிடந்த கூடைகளே பதில் சொல்லின.

செல்வம்மாளின் மூத்த மகன் மாதவனைக் கட்டிக்கொண்டு ஓசூர் ஓரத்து ஜூஜுவாடிக்கு வந்தாள். அவன் லாரி ஷெட் ஒன்றில் வெல்டர். பத்துக்குப் பத்தில் ஒரு அறை, தடுப்புக்கு அந்தப் பக்கம் அடுப்பு. கூடவே மாதவனின் தம்பி சுபாஷ், அப்போது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தான். அவன் பன்னிரண்டாவது தேறி, ஓசூரில் ஒரு தனியார் கல்லூரியில் பி.பி.ஏ. சேர்ந்தபோது, இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவன்தான். பவளம் வேலைக்குப் போகும் கம்பெனி வேனில் இதைச் சொல்லாத நாள் கிடையாது.

சுபாஷ் சத்தமாகப் படிப்பான். அவள் அரிசி களைந்துகொண்டே கேட்பாள்.

"மேனேஜ்மென்ட்னா மத்தவங்களைக் கொண்டு வேலையைச் செஞ்சு முடிக்கிற கலை."

"இதுக்குப் புக்கு வேற போட்டிருக்கறானா? எங்க சூப்பர்வைசர் பிரகாசம் பத்தாவது பெயிலு. அவன் நல்லாத்தான செய்றான்."

"அண்ணி, இது பரீட்சையில அஞ்சு மார்க்கு."

"அப்ப படி, படி."

கம்ப்யூட்டர் பாடம்தான் அவளுக்குப் பிடித்தது. கல்லூரியில் மூன்று பேருக்கு ஒரு கம்ப்யூட்டர். நடுவில் உட்காருகிறவனுக்குத்தான் மவுஸ் கிடைக்கும். மிச்சத்தை ரெக்கார்டு நோட்டில் கையால் எழுத வேண்டும். எக்செல் பாடத்துக்கு முப்பது பக்கம் கட்டம் போட வேண்டியிருந்தது. அவனுக்குக் கோடு நேராக வராது. அண்ணிதான் ஸ்கேல் வைத்து முப்பது பக்கமும் போட்டுக் கொடுத்தாள். மேலே ஏ, பி, சி, பக்கத்தில் ஒன்று, இரண்டு, மூன்று. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு விலாசம் உண்டு என்பதை அவள் அப்படித்தான் தெரிந்துகொண்டாள்.

இரண்டாயிரத்து ஏழாம் வருஷம், கடைசி செமஸ்டர். ஏதாவது ஒரு கம்பெனியில் போய் ஆய்வு செய்து, புத்தகமாகக் கட்டிக் கொடுத்தால்தான் டிகிரி. சுபாஷ் எட்டு கம்பெனி வாசலுக்கு நடந்தான். எட்டிலும் வாட்ச்மேனைத் தாண்ட முடியவில்லை. அப்பா பெயரைச் சொல்லி உள்ளே போகிற பையன்களும் அவன் வகுப்பில் இருந்தார்கள். இவனுக்கு இருந்ததெல்லாம் அண்ணிதான்.

பவளம் பிரகாசத்திடம் நான்கு நாள் கெஞ்சினாள். ஐந்தாம் நாள் அவன் மேனேஜரிடம் கூட்டிப் போனான். மேனேஜர் சுபாஷைப் பார்த்து, "என்னா தலைப்பு?" என்றார்.

"டைம் ஸ்டடி சார். ஒரு வேலைக்கு எவ்ளோ நேரம் ஆகுதுன்னு கணக்கிடறது."

மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நல்ல தலைப்பு. செய். முடிச்சதும் எனக்கு ஒரு காப்பி, சி.டி.யும் வேணும். அதுக்கப்பறம் சர்டிபிகேட்."

அன்றைக்குச் சாயங்காலம் பவளம் கேசரி கிண்டினாள்.

இனி அவள் வேலை செய்த மேஜையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மோட்டார் சைக்கிளுக்குப் போகிற வயர் கொத்து கட்டும் கம்பெனி அது. ஆணி அடித்த பலகையில் வயர்களை வரிசையாகப் படுக்க வைத்து, கறுப்பு டேப் சுற்றி எடுக்க வேண்டும். மேஜைக்கு ஆறு பெண்கள். ஒரு ஆளுக்கு மணிக்குப் பதினாலு கொத்து. ஐந்து பேருக்கு அது பெரிய காரியமில்லை, பதினைந்தே வரும். ஆறாவது ஆள் பாகலூர் சென்னம்மா. ஐம்பதைத் தாண்டியவள். வீட்டில் கன்னடம், சந்தையில் தெலுங்கு, மேஜையில் தமிழ். ஒன்பது வருஷம் டேப் சுற்றிச் சுற்றி அவள் வலது கட்டைவிரல் மடங்காமல் வீங்கிப் போயிருந்தது. அவளுக்கு மணிக்குப் பத்து வந்தால் அதிகம்.

மீதி நான்கு எப்படி வந்தது என்றால், வந்தது. மணி முடிகிற நேரத்தில் பவளம் ஒன்றை எடுத்துச் சென்னம்மாவின் தட்டில் போடுவாள். ஜெபசீலி ஒன்று போடுவாள். இன்னும் இரண்டு பேர். அடுத்த மணிக்கு முறை மாறும். யாரும் பேசி வைத்ததில்லை. சென்னம்மாவும் நன்றி சொன்னதில்லை. அவள் கொண்டுவரும் கடலைத் துவையல் மட்டும் ஆறு பேருக்கு இருக்கும். போர்டில் பிரகாசம் ஆறு பதினாலை எழுதிவிட்டுப் போவான்.

சுபாஷ் வந்த அன்று கழுத்தில் கயிறு போட்ட ஸ்டாப் வாட்ச் தொங்கியது. கல்லூரி பி.டி. வாத்தியாரிடம் கெஞ்சி வாங்கி வந்தது. இஸ்திரி போட்ட சட்டை. மேஜையே அவனைத் திரும்பிப் பார்த்தது.

"ஏண்டி பவளம், உன் கொழுந்தன் ஓட்டப் பந்தயம் வைக்க வந்திருக்கறானா?" என்றாள் ஜெபசீலி.

"பி.பி.ஏ. கடைசி வருஷம்டி. மரியாதையாப் பேசு."

ஒவ்வொருத்தர் பக்கத்திலும் நின்று பத்துக் கொத்துக்கு நேரம் எடுக்க வேண்டும். முதலில் பெயர் எழுதிக்கொண்டான். சென்னம்மா தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். "சரியா எழுது சாமி. எங்க மனேல யார் பேரும் புஸ்தகத்துல வந்ததில்ல." பிறகு அவன் பக்கத்தில் நின்ற நேரம் முழுக்க, வலிக்கிற விரலை முந்தானையில் துடைத்துத் துடைத்துச் சுற்றினாள். ஒரு கொத்துக்குச் சராசரி ஐந்து நிமிஷம் நாற்பது விநாடி என்று குறித்துக்கொண்டான். மற்ற பெண்களுக்கு நான்கு நிமிஷம் சுமார்.

கடைசியாக அண்ணி.

பவளம் அன்றைக்குச் செய்ததை அவளே பிற்பாடு எத்தனையோ முறை யோசித்துப் பார்த்தாள். யாரும் வேகமாகச் செய்யச் சொல்லவில்லை. ஆனால் தன் வீட்டுப் பிள்ளை சட்டையை மடித்து விட்டுக்கொண்டு, கையில் வாட்சோடு, இத்தனை பேர் நடுவில் தன் பக்கத்தில் நிற்கிறான். அவன் பரீட்சை இது. அவன் எழுதப்போகும் கட்டத்தில் தன் எண் குறைச்சலாக நிற்கக் கூடாது. பட்டனை அழுத்தும் 'டிக்' சத்தம் கேட்டதும், புளி கொட்டிய காலத்துக் கை திரும்பி வந்துவிட்டது. டேப் பறந்தது. பத்துக் கொத்து. தண்ணி குடிக்கவில்லை, தலை நிமிரவில்லை.

"மூணு நிமிஷம், அண்ணி," என்றான் சுபாஷ். அவன் குரலே நம்பவில்லை. "சராசரி சரியா மூணு."

மேஜை கைதட்டியது. சென்னம்மாதான் முதலில் தட்டினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து பிரவுசிங் சென்டருக்கு அண்ணியையும் கூட்டிப் போனான். எண்களை எல்லாம் ஏற்றியிருந்தான். "இப்பப் பாருங்க," என்று ஒரு பட்டனைத் தட்டினான். கலைந்து கிடந்த ஆறு பெயர்களும் ஒரே நொடியில் இடம் மாறின. வேகமானவர் மேலே, மெதுவானவர் கீழே. முதல் கட்டத்தில் பவளம். தன் பெயரைக் கண்ணாடிக்குள் பார்த்து அவள் சிரித்தாள். பிறகு கண் கீழே இறங்கியது. கடைசியில் சென்னம்மா.

"தம்பி, இந்தப் பேரை எடுத்துடு."

"எதுக்கு அண்ணி?"

"மேனேஜர் பாப்பார். எடுத்துடு. எல்லார் பேரையும் எடு, என் பேரையுந்தான்."

அவன் மறுபேச்சுப் பேசவில்லை. தொழிலாளி 1, தொழிலாளி 2 என்று ஆறு வரை மாற்றினான். சி.டி.யிலும் அப்படியே போட்டான். பவளத்துக்கு நெஞ்சு லேசானது. ஆபத்து பெயரில்தான் இருக்கிறது என்று அவள் நினைத்திருந்தாள்.

மேனேஜருக்குப் பெயரே தேவைப்படவில்லை. அவர் முதல் கட்டத்தை மட்டும்தான் பார்த்தார். மூன்று நிமிஷம் என்றால் மணிக்கு இருபது. தண்ணி குடிக்க, முதுகு நிமிர்த்த என்று பத்து சதவீதம் சலுகை தள்ளினால் பதினெட்டு. சலுகை தர வேண்டும் என்பதும் சுபாஷ் புத்தகத்தில் எழுதியிருந்ததுதான், மூன்றாம் அத்தியாயம். அடுத்த திங்கட்கிழமை போர்டில் பதினாலை அழித்துவிட்டுப் பதினெட்டு என்று எழுதினான் பிரகாசம்.

முதல் மணி முடிந்தபோது பவளத்துக்குப் பதினேழு. ஜெபசீலிக்குப் பதினாறு. சென்னம்மாவுக்குப் பத்து. எல்லோரும் தங்கள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பவளம் ஒரு கொத்தைக் கையில் எடுத்தாள். அதைச் சென்னம்மாவிடம் போட்டால் தனக்குப் பதினாறு. பிரகாசம் பக்கத்து மேஜை வரை வந்துவிட்டான். கொத்தைத் தன் தட்டிலேயே திரும்ப வைத்தாள்.

சென்னம்மா அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு டேப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

சாப்பாட்டு நேரத்தில் பவளம் பிரகாசத்தைப் பிடித்தாள். "சார், அது தெனமும் வர்ற வேகமில்ல. தம்பிக்காக ஒரு நாளைக்கு ஓடின ஓட்டம்."

"ஓட முடிஞ்சதுல்ல?"

"முடிஞ்சது சார். ஆனா..."

"அப்ப ஓடு." அவன் டிபன் பாக்ஸை மூடினான். "எனக்கு மேல இருந்து பேப்பர் வந்திருக்குது பவளம். கம்ப்யூட்டர் பேப்பர். அதை நான் எப்பிடி இல்லேங்கறது?"

வீட்டுக்கு வந்ததும் சுபாஷிடம் சொன்னாள். அவனிடம்தான் சொல்ல முடியும், அந்தப் பேப்பர் அவனுடையது. "தம்பி, நாளைக்கே மேனேஜர்கிட்டப் போய் அந்த எண்ணு தப்புன்னு சொல்லிடு."

"எண்ணு தப்பில்ல அண்ணி. நீங்க செஞ்சது மூணு நிமிஷந்தான்."

"நீ நின்னதால செஞ்சேன். அதைச் சொல்லு."

அவன் புத்தகத்தைப் புரட்டினான். ஆய்வின் குறைபாடுகள் என்று ஒரு பக்கம் இருந்தது. 'ஆய்வுக்குக் குறைந்த கால அவகாசமே கிடைத்தது. தொழிலாளர்கள் பணிச்சுமையில் இருந்தனர்.' சீனியர் புத்தகத்திலிருந்து அப்படியே எடுத்த இரண்டு வரி.

"இங்கதான எழுதணும்?" என்றாள் பவளம். "கடைசியா நேரம் எடுத்த ஆளு தன் கொழுந்தனுக்காக ஓடுனான்னு எழுது."

"புத்தகத்துல அது கடைசி ஆள் இல்ல அண்ணி, முதல் ஆள்." சொல்லிவிட்டு அவனே தலையைக் குனிந்துகொண்டான். "மேனேஜர் இன்னும் சர்டிபிகேட்ல கையெழுத்துப் போடல. வைவாவுக்குப் பத்து நாள்தான் இருக்குது. இப்பப் போய் தப்புன்னு சொன்னா, அப்ப எதுக்கு உனக்கு சர்டிபிகேட்டுன்னு கேப்பார். கையெழுத்து வாங்கிட்டு மறுநாளே போய்ச் சொல்றன். சத்தியமாச் சொல்றன்."

மாதவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "பத்து நாள்தான பவளம். மூணு வருசம் பொறுத்தோம்," என்றான். அவளும் அதைத்தான் நினைத்தாள். அதுதான் அவளுக்குப் பிற்பாடு பொறுக்க முடியாமல் போனது.

பத்து நாள் ஆகவில்லை. ஆறாம் நாள் காலையில் சென்னம்மாவின் இடத்தில் எஸ்லின் என்ற இருபது வயசுப் பெண் உட்கார்ந்திருந்தாள். காண்டிராக்ட் ஆட்களை நிறுத்த யாரும் கடிதம் கொடுப்பதில்லை. வேன் டிரைவரிடம் பெயர் சொல்லிவிட்டால் போதும், பாகலூர் சாலையில் அந்த இடத்தில் வேன் நிற்காது. அன்றைக்கும் நிற்கவில்லை. சென்னம்மா தூக்கு வாளியோடு கையை நீட்டியதை ஜன்னல் வழியாக ஜெபசீலி பார்த்திருக்கிறாள்.

கையெழுத்து ஒன்பதாம் நாள் வந்தது. மறுநாள் வைவா. அதற்கும் மறுநாள் சுபாஷ் சொன்னபடி மேனேஜரிடம் போகவும் செய்தான். கேட்டில் பெயர் எழுதிக் கொடுத்து ஒரு மணி நேரம் காத்திருந்தான். "ஸ்டூடண்ட் பர்மிஷன் முடிஞ்சு போச்சு தம்பி," என்று வாட்ச்மேன் திருப்பி அனுப்பிவிட்டான்.

வைவாவில் அவனுக்குத்தான் வகுப்பிலேயே அதிக மார்க். வெளியிலிருந்து வந்த பேராசிரியர், "உன் ஆய்வால அந்த நிறுவனத்துக்கு என்ன பயன்?" என்று கேட்டாராம். உற்பத்தி மணிக்குப் பதினாலிலிருந்து பதினெட்டானதை இவன் சொல்லியிருக்கிறான். அவர் தோளில் தட்டினாராம்.

"வேற எதுவும் கேக்கலியா?" என்றாள் பவளம்.

"இல்ல அண்ணி."

"நீயும் சொல்லல."

கறுப்பு ரெக்ஸின் அட்டையில் தங்க எழுத்துப் போட்ட புத்தகம், டி.வி.க்கு மேலே சாமி படத்துக்குப் பக்கத்தில் இருந்தது. செல்வம்மாள் ஊரிலிருந்து வந்தபோது அதைத் தொட்டுக் கும்பிட்டாள். முதல் பட்டதாரி. அதில் பொய் ஒன்றுமில்லை. பவளத்துக்கும் அந்தப் பெருமை போகவில்லை. அது போயிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

அடுத்த வருஷம் மழைக்காலத்தில் ஒருநாள் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் சென்னம்மாவைப் பார்த்தாள். பாகலூர் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள். ஒதுங்கிப் போய்விடலாம் என்று பவளம் திரும்புவதற்குள் கையைப் பிடித்துவிட்டாள். பிடித்த கையில் கீறல் கீறலாக இருந்தது. ரோஜாத் தோட்டத்தில் காம்பில் முள் எடுக்கும் வேலை என்றாள். கட்டைவிரல் அப்படியேதான் இருந்தது.

"உன் விரல் என்னாச்சு?" என்று பவளத்தின் கையைத் திருப்பிப் பார்த்தாள். பவளத்துக்கும் வலது கட்டைவிரலில் வீக்கம் தொடங்கியிருந்தது.

"டேப்புதான்க்கா."

"சுண்ணாம்பும் மஞ்சளும் போடு. எனக்குக் கேக்கல, உனக்குக் கேக்கும்." பிறகு சட்டென்று முகம் மலர்ந்தது. "உன் மைதுனன் பாஸ் ஆதானா?"

"ஆயிட்டான்க்கா. பஸ்ட் கிளாசு."

"நங்கே கொத்து," என்றாள் கன்னடத்தில். "எனக்குத் தெரியும். நல்ல பையன். பயந்து பயந்து கேட்டான்." பஸ் வந்துவிட்டது. கூட்டம் முட்டியது. படியில் ஒரு கால் வைத்துவிட்டுச் சென்னம்மா திரும்பினாள். "பவளா, அந்தப் புஸ்தகத்துல என் பேரு இருக்குதா?"

தொழிலாளி 6. ஐந்து நிமிஷம் நாற்பது விநாடி.

"இருக்குதுக்கா," என்றாள் பவளம்.