நூறு வாங்கிய குழந்தை

பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தலைமைச் செவிலியாக இருந்தவளை எல்லாரும் உளவுத்துறை என்றுதான் சொன்னார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவளுக்கு இல்லாமலா இருக்கும்? அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அவள் பிறந்தபோதே ஒரு கண்ணை மட்டும் திறந்து, மருத்துவச்சி கை கழுவியிருக்கிறாளா என்று பார்த்துவிட்டுத்தான் முதல் அழுகையை அழுதாளாம். அந்த அறையில் நான் இல்லை. ஆனால் அவளோடு ஒரு வாரம் வேலை பார்த்தவர்கள் யாரும் இந்தக் கதையை மறுத்ததில்லை.

வீட்டிலும் அதே கதைதான். புருஷன் தையல்காரர். அவர் தைத்துக் கொடுத்த ரவிக்கையை அவர் கண்ணெதிரிலேயே நாடா வைத்து அளந்து பார்ப்பாள்.

"என் டேப்பையே எடுத்து என்னையே சோதிக்கிறியா?"

"உங்க டேப்பு சுருங்கியிருக்கலாம்ல?"

"கல்யாணத்தன்னிக்கே என் மூஞ்சியை ரெண்டு தடவை உத்துப் பாத்தவதானே நீ."

"ஆள் மாறிடுச்சோன்னு பாத்தேன்."

"மாறியிருந்தா?"

"நல்லாத்தான் இருந்திருக்கும்."

அவர் ஊசியில் நூல் கோக்கிற சாக்கில் குனிந்து சிரித்துக்கொள்வார். இந்தக் குணத்தால்தான் எத்தனையோ பிள்ளைகள் உயிரோடு வீடு போய்ச் சேர்ந்தன என்பது அவருக்குத் தெரியும்.

அந்தப் பிரிவுக்கு வருகிற குழந்தைகள் எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியாதவை. பாதிக்கு அழக்கூடத் தெம்பு இருக்காது. ஆகவே குழந்தை அழுதால் உளவுத்துறைக்கு நிம்மதி. அழாமல் கிடந்தால் அதன் பக்கத்தை விட்டு நகர மாட்டாள். மேனி சிவந்திருந்தால் ஏன் சிவப்பு என்பாள், வெளுத்திருந்தால் ஏன் வெளுப்பு என்பாள். தலைமாட்டில் மின்னும் மானிட்டர் திரையை அவள் பக்கத்து வீட்டுக்காரியைப் போல மதித்தாள்: காது கொடுத்துக் கேட்பாள், நம்ப மாட்டாள். "திரை சொல்றது வதந்தி. பிள்ளையைத் தொட்டுப் பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லு" என்று புதிதாக வருகிறவர்களை விரட்டுவாள்.

அப்படியிருந்த இடத்தில், ஜன்னலோரத்து இன்குபேட்டர் பெட்டியில் இருந்த ஒரு குழந்தை எல்லாரையும் ஏமாற்றிக்கொண்டிருந்தது. இல்லை, குழந்தையைச் சொல்லக் கூடாது. குழந்தையைச் சாக்காக வைத்து யாரோ ஏமாற்றிக்கொண்டிருந்தார்கள்.

அது வாத்தியார் குடும்பத்துப் பெண்குழந்தை. தாய் மூன்றாம் வகுப்பு டீச்சர். மாமனார், மாமியார், புருஷன் எல்லாருமே பள்ளிக்கூடத்துக்காரர்கள். நாள் நிறையாமல், வெகு முன்னதாகப் பிறந்துவிட்டது. இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினால் உள்ளே அடங்கிவிடும். மூக்கில் மெல்லிய குழாய் செருகி, காற்றோடு ஆக்சிஜன் கலந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கலக்கிற பெட்டியில் ஒரு திருகு உண்டு. வலப்பக்கம் திருப்பினால் ஆக்சிஜன் கூடும், இடப்பக்கம் திருப்பினால் குறையும். காலில் கட்டியிருந்த சின்னப் பட்டை, இரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் சேர்கிறது என்று திரையில் ஓர் எண்ணாகக் காட்டும்.

அந்த எண் தொண்ணூறுக்குக் கீழே போனால் மூளைக்கு ஆகாது. ஆக்சிஜன் கொடுக்கிற குறைமாதக் குழந்தைக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேலே போனால் கண்ணுக்கு ஆகாது. அதன் கண்ணுக்குள் இரத்தக் குழாய்கள் இன்னும் வளர்ந்து முடிந்திருக்காது. ஆக்சிஜன் மிஞ்சினால் அவை தறிகெட்டு வளர்ந்து விழித்திரையையே பிய்த்துவிடலாம். பிழைத்த குழந்தை பார்வையில்லாமல் வளரும்.

ஒரு பிற்பகல், கடந்து போகிற போக்கில் உளவுத்துறை அந்தத் திரையைப் பார்த்தாள். தொண்ணூற்றொன்பது. திருகு, காலையில் அவள் வைத்த இடத்தைவிட நன்றாகவே வலப்பக்கம் போயிருந்தது. அவள் குறைத்துவிட்டுப் போனாள். மறுநாள் பிற்பகலும் அதே கதை. விசாரித்தால், பிற்பகல் முறைக்கு வந்தவர்கள் எல்லாருமே அதைப் பார்த்திருக்கிறார்கள், குறைத்திருக்கிறார்கள். கூட்டியது யார் என்று மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லை. குழந்தைக்குத் தேவைப்பட்டிருக்கும், யாரோ கூட்டியிருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் அடுத்தவரை நம்பியிருக்கிறார்கள். நம்பிக்கையும் ஒரு கிருமிதான் என்பது அவள் கட்சி.

கண் டாக்டர் அந்த வாரக் கடைசியில் வருவதாக இருந்தது. அதற்குள் திருகுகிற கை யாருடையது என்று தெரிந்தாக வேண்டும். தெரியாவிட்டால் அந்தக் கை நாளைக்கும் திருகும்.

அவளுக்கு இன்னொரு சந்தேகமும் இருந்தது. எண் தொண்ணூற்றைந்தைத் தாண்டினால் மானிட்டர் கூவ வேண்டும். ஏன் கூவவில்லை? யாரோ அதன் வாயை அடைத்திருக்கிறார்கள்.

முதலில் அகப்பட்டவள் புதுசு. வேலையில் சேர்ந்து மாதம்கூட ஆகாத செவிலி. அதனால் அந்தப் பெயர்.

"ஏண்டி புதுசு, அலாரம் சத்தம் உனக்குத் தலைவலியா இருக்குதோ?"

"இல்லையே சிஸ்டர்."

"சத்தத்தை யார் அமுக்கினது?"

"நான் அமுக்கலை சிஸ்டர். அது கத்தவே இல்லை."

"கத்தாம எப்படி இருக்கும்? விரதமா?"

புதுசின் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. அழுகிறவள் குற்றவாளி என்று உளவுத்துறைக்கு ஒரு கணக்கு. அழாதவள் கைதேர்ந்த குற்றவாளி என்று இன்னொரு கணக்கு. இரண்டில் எது என்று முடிவு கட்டாமலே புதுசை வேறு பக்கத்துக்கு மாற்றினாள். பிற்பகலில் எண் மறுபடி ஏறியது.

அடுத்தது தரை துடைக்கிற அக்கா. அவள் மதியம் வந்து பெட்டிகளின் மேல்பக்கமெல்லாம் துடைப்பாள். துணி பட்டுத் திருகு நகரலாம் அல்லவா?

"அக்கா, அந்தத் திருகைத் தொடச்சீங்களா?"

"நான் எதுக்கு அதைத் தொடுறேன்? போன வருஷம் ஒரு பட்டனைத் தொட்டதுக்கு நீங்க பேசின பேச்சு இன்னும் காதுல கிடக்கு. அந்தப் பெட்டிக்கு ஒரு முழம் தள்ளித்தான் என் துணியே போவுது. நல்லாப் பாருங்க, தூசி இருக்கும்."

பார்த்தாள். தூசி இருந்தது. அதற்கும் திட்டு விழுந்தது.

மூன்றாவது மெக்கானிக். கருவிகளைப் பழுது பார்க்கிறவர். அவர் மேல் அவளுக்கு நெடுநாள் சந்தேகம். எதைத் தொட்டாலும் "சரியாயிடுச்சு மேடம்" என்பார். சரியாகிவிட்டது என்று இவ்வளவு சுலபமாகச் சொல்கிறவனை எப்படி நம்புவது?

"இந்தத் திருகு தானா நகருமா?"

"தானா நகர்றதுக்கு அது என்ன ராட்டினமா மேடம்? யாராவது திருப்பினாத்தான் திரும்பும்."

"அப்ப நீங்க திருப்பினீங்களா?"

"நான் இந்த ரூமுக்கு வந்தே எவ்வளவு நாளாச்சு! நீங்கதான் கதவுக்கிட்டயே தடுத்துடுறீங்களே."

மிச்சம் ஒரே ஒரு வழி. மறுநாள் மதியம், பால் அளந்து வைக்கிற மேசையை மறைக்கும் திரைச்சீலைக்குப் பின்னால் அவள் போய் நின்றாள். மூச்சுக்கூட அரை மூச்சுதான் விட்டாளாம். அதற்கும் சாட்சி இல்லை. ஆனால் தும்மல் வந்தபோது தன் மூக்கைத் தானே திருகி அடக்கியதற்குச் சாட்சியாக இரண்டு நாள் அந்த மூக்கு சிவந்திருந்தது.

மதியம்தான் டீச்சர் வருகிற நேரம். சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, குழந்தையை வெறும் மார்போடு அணைத்து, மேலே துணி போர்த்திக்கொள்வாள். தாயின் சூடு குழந்தைக்கு மருந்து. அதே நேரத்தில்தான் தாழ்வாரத்துக் கண்ணாடிச் சுவருக்கு வெளியே குடும்பம் கூடும். உள்ளே வர அனுமதி இல்லை, பார்க்கலாம். திரையும் அந்தப் பக்கமாகத்தான் திரும்பியிருந்தது.

திரையில் தொண்ணூற்றிரண்டு. கண்ணாடிக்கு வெளியே மாமியார் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு எண்ணைப் படித்தாள். உதட்டைப் பிதுக்கினாள். மாமனார் கையை ஆட்டி "இன்னும், இன்னும்" என்பதுபோல் காட்டினார். கடைசி பெஞ்சுப் பையனைப் பார்க்கிற பார்வை.

டீச்சர் தலையைக் குனிந்தாள். அவளுடைய இடது கை குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தது. வலது கை மெல்ல மேலே போயிற்று. பக்கத்துக் கம்பத்தில் மாட்டியிருந்த ஆக்சிஜன் கலக்கும் பெட்டியின் திருகை ஒரு சுற்றுச் சுற்றியது. தொண்ணூற்றைந்து. தொண்ணூற்றெட்டு. நூறு.

கண்ணாடிக்கு வெளியே மாமனார் கை தட்டினார். சத்தம் கேட்கவில்லை. மாமியார் முகத்தில் வெளிச்சம்.

உளவுத்துறை திரைச்சீலையை விலக்கிக்கொண்டு வந்தாள். முதலில் திருகைக் குறைத்தாள். எண் இறங்குகிறவரை வாயைத் திறக்கவில்லை. அவள் வாழ்க்கையில் அது பெரிய சாதனை.

"எத்தனை நாளா நடக்குது இது?"

டீச்சர் குழந்தையின் மேல் துணியை இழுத்துவிட்டாள். "நர்ஸுங்க திருப்புறதைப் பாத்திருக்கேன் சிஸ்டர். அந்தப் பக்கம் திருப்பினா மார்க்கு ஏறுது."

"மார்க்கா?"

"எங்க வீட்டுல தொண்ணூத்திரண்டு எடுத்தா அன்னிக்குச் சாப்பாடே இறங்காது. அத்தை நேத்து போன்ல கேட்டாங்க, 'நம்ம குடும்பத்துல யாரு இவ்வளவு கம்மியா வாங்கியிருக்கா, உங்கம்மா பக்கமா?'ன்னு. வந்து பிறந்து கொஞ்ச நாள்தான் ஆகுது, அதுக்குள்ள என் பிள்ளையை ஃபெயில்னு சொல்லிடக் கூடாதுன்னுதான்..."

உளவுத்துறை எத்தனையோ வகைக் குற்றங்களைச் சந்தேகித்திருக்கிறாள். இந்த வகை அவள் பட்டியலில் இல்லை. சொந்தப் பிள்ளைக்குத் தாயே மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தாள். உளவுத்துறை நாற்காலிப் பக்கத்தில் முழந்தாளிட்டாள்.

"டீச்சர், இது பரீட்சை இல்ல. தொண்ணூறு வந்தா பாஸ். தொண்ணூத்தஞ்சு வரைக்கும் பாஸ். அதுக்கு மேல ஒவ்வொண்ணும் ஃபெயில். நூறு வாங்கினா, இந்தப் பிள்ளை உங்க முகத்தைப் பாக்காமலே போயிடலாம்."

கண்ணுக்குள் என்ன நடக்கும் என்று சொன்னாள். டீச்சர் குழந்தையின் மூடிய இமைகளைப் பார்த்தாள். அழவில்லை. தட்டிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

"அளவுக்கு மிஞ்சினா அமிர்தமும் நஞ்சு. மூணாங்கிளாஸுக்கு இதை போர்டுல எழுதிப் போட்டவளே நான்தான் சிஸ்டர்" என்றாள்.

கை கிடைத்துவிட்டது. வாய் அடைபட்டது எப்படி? உளவுத்துறை மானிட்டரின் அலாரக் கணக்கைத் திறந்து பார்த்தாள். மேல் எல்லை தொண்ணூற்றைந்து என்று இருக்க வேண்டிய இடத்தில் நூறு என்று இருந்தது. நூறைத் தாண்ட யாராலும் முடியாது. பிறகு அது எப்படிக் கூவும்? இந்த மானிட்டர் இந்தப் பெட்டிக்கு உரியதே இல்லை. வீட்டுக்குப் போகத் தயாரான குழந்தைகளின் அறையிலிருந்து வந்தது. அங்கே வெறும் காற்றை மூச்சு விடுகிற பிள்ளைகள். நூறு வாங்கினாலும் குற்றமில்லை, அதனால் அப்படி வைத்திருந்தார்கள். பழைய திரை அணைந்துபோன அன்று இதை இங்கே கொண்டுவந்து மாட்டியது யார்?

யாரும் பதில் சொல்லத் தேவையிருக்கவில்லை. "மெக்கானிக்கைக் கூப்பிடட்டுமா சிஸ்டர்?" என்று அன்று கேட்டது புதுசுதான். "அந்த ஆளை நம்ப முடியாது, நானே மாட்டிக்கிறேன்" என்று சொன்னவள் யார் என்று எல்லாருக்கும் நினைவிருந்தது. மாட்டியவள் ஒருத்தி, சரிபார்க்கிறவர் இன்னொருவர் என்பது அங்கே வழக்கம். அவள் மாட்டினால் சரிபார்க்க யாருக்குத் துணிச்சல்?

எல்லையைத் திருத்திவிட்டு, பெரிய டாக்டரிடம் போனாள்.

"அலாரம் எல்லை தப்பா இருந்தது டாக்டர். மாட்டினது நான். பாக்காம விட்டதும் நான்."

டாக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "யாரைக் காப்பாத்தப் பாக்குறீங்க?"

"யாரையும் இல்லை."

"அந்தப் புதுப் பொண்ணையா?"

"நான்தான்னு சொல்றேனே டாக்டர்!"

"நீங்க தப்புப் பண்ணுவீங்கன்னு நான் நம்பணுமா?"

நம்ப வைக்க அவளுக்கு அரைநாள் ஆயிற்று. புதுசிடம் போய்ச் சொல்ல அரை நிமிடம் போதும் என்று நினைத்திருந்தாள். அதற்குத்தான் கால் எழவில்லை. கடைசியில் பால் மேசைப் பக்கம் போய், "நீ அமுக்கலை. நான்தான் பாக்கலை" என்றாள். புதுசு மறுபடி அழுதாள். இந்த அழுகையை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று உளவுத்துறைக்குத் தெரியவில்லை. இனி நான் மாட்டுவதை நீ சரிபார் என்று மட்டும் சொன்னாள். மறுநாளே புதுசு ஒன்றைத் திருத்தினாள் என்பார்கள். அது கட்டுக்கதையாகவும் இருக்கலாம்.

கண்ணாடிக்கு வெளியே மட்டும் மதிய நாடகம் தொடர்ந்தது. தொண்ணூற்றிரண்டைப் பார்த்து மாமியார் உதட்டைப் பிதுக்கியபோது, டீச்சர் குழந்தையை அணைத்தபடியே இன்னொரு கையால் கண்ணாடிப் பக்கம் விரலை ஆட்டினாள். வகுப்பறை விரல். பிதுங்கிய உதடு உள்ளே போய்விட்டது.

வாரக் கடைசியில் கண் டாக்டர் வந்தார். குழந்தையைத் துணியில் சுற்றி, கண்ணில் சொட்டு விட்டு, தலையில் விளக்கும் கையில் வில்லையுமாகக் குனிந்தார். டீச்சரைப் பக்கத்தில் நிற்க விட்டார்கள். உளவுத்துறை குழந்தையின் தலையைப் பிடித்திருந்தாள். அவள் முகத்தில் அன்றைக்கு இருந்தது சந்தேகமில்லை, பயம். இரண்டும் தூரத்திலிருந்து ஒரே மாதிரிதான் தெரியும்.

டாக்டர் நிமிர்ந்தார். "குழாய் வளர்ச்சி முடியலை. ஆனா தறிகெட்டுப் போகலை. இப்போதைக்கு பயமில்லை. அடுத்த வாரம் மறுபடி பாக்கலாம்."

உளவுத்துறை மூச்சை விட்டாள். ஏதோ கேட்க வாயெடுத்தாள். அதற்குள் டீச்சர் முந்திக்கொண்டாள்.

"ரெண்டு கண்ணையும் பாத்தீங்களா சார்?"

"பாத்தேம்மா."

"இடது கண்ணுல கொஞ்ச நேரம்தான் பாத்தீங்க."

டாக்டர் உளவுத்துறையைப் பார்த்தார். அவள் குழந்தையின் தலையை விடவில்லை. அவர் பெருமூச்சு விட்டு, விளக்கை மறுபடி போட்டு, இடது கண் பக்கம் குனிந்தார்.