வெள்ளைக்கால் குட்டிக்கு ஒரு வீடு

இன்று காலை செம்பனைத் தோட்டத்து அங்கிள் ஒருவர் ஆயர் குரோவில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார். காட்டுப்பன்றி வேட்டைக்கு, நான் வளர்த்து விற்கும் பாசென்ஜி நாய்க்குட்டி ஒன்று வேண்டுமாம். போன ஈற்றிலும் ஒன்று வாங்கிப் போனவர்தான்.

"பழைய குட்டி எப்படி இருக்கு அங்கிள்?"

"பன்னி கிழிச்சிருச்சும்மா. இந்த ஜாதி நாய்தான் குரைக்காதே, எங்க கிடக்குதுன்னே தெரியல. மறுநாள் காக்கா கூட்டத்த பார்த்துதான் கண்டுபிடிச்சோம். நல்ல தைரியம் லா அதுக்கு. அதே மாதிரி ஒண்ணு குடு."

குட்டிகளைச் சோதிக்க நான் சட்டி மூடியைத் தரையில் போடுவேன். ஓடி ஒளிபவை வீட்டு வளர்ப்புக்கு. சத்தத்தை நோக்கி வருவது வேட்டைக்கு. இது அவருக்கும் தெரியும்.

அவரே மூடியைப் போட்டார். மூன்று குட்டிகள் சோபாவுக்கு அடியில் புகுந்துகொண்டன. வெள்ளைக்கால் குட்டி மட்டும் ஓடி வந்து மூடியை முகர்ந்துவிட்டு, அவர் விரலை நக்கியது.

"இதுதான் லா!"

"அது புக் ஆயிருச்சு அங்கிள். என் ஃபிரெண்டுக்கு." யோசிக்காமலே பொய் வந்துவிட்டது.

"நம்பர் குடு, நானே பேசிக்கிறேன்."

சாயங்காலம் நம்பர் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறேன். அந்த ஃபிரெண்டு இந்தப் பதிவைப் படிக்கும் உங்களில் யார் என்று சீக்கிரம் சொல்லுங்கள். தைரியத்துக்கு வேலையே இல்லாத வீடாக இருந்தால் போதும்.