எறும்பு வராத பாத்தி

போன வியாழக்கிழமை காலை, என் கத்தரிப் பாத்தியில் ஒரு மைனா செத்துக் கிடந்தது. காயமில்லை. கண் திறந்தே இருந்தது. அலகு நுனியில் ஊதா நிறத்தில் ஏதோ பொடி.

மதில் வழியாக வந்த எறும்பு வரிசை பாத்தி ஓரத்தில் நின்று, திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. மண்ணைக் கொத்தினேன்... ஒரு மண்புழுகூட இல்லை. செடிகள் மட்டும் கருகருவென்று செழித்து நின்றன.

காரணம் எனக்குத் தெரியும்.

இரண்டு மாதம் முன்பு இதே தோட்டப் பத்தியில் எழுதினேன், ஞாபகமிருக்கிறதா? வேர்களை முடிச்சு முடிச்சாக வீங்கவைத்த நூற்புழுவை, ரெட்டியார்பாளையம் வீட்டுத் தோட்டத்தில் வெறும் வேப்பம் புண்ணாக்கால் ஒழித்தேன் என்று. எத்தனை பேர் போன் செய்து பாராட்டினீர்கள்!

அது பொய்.

புண்ணாக்கு போட்டது உண்மை. ஆனால் நடுவதற்கு இரண்டு வாரம் முன்பே மண்ணில் கலந்து, ஈரம் காக்க வேண்டும். நான் நட்ட பிறகு போட்டேன். செடி வாடியது. கட்டுரையோ எழுதியாக வேண்டும். ஷெட்டில் பழைய பூச்சிமருந்து, ஊதா நிறக் குருணை விஷம் இருந்தது — ஒரு பிடி தூவினேன். காய்க்கும் நேரத்தில் மறுபடி வாட்டம். மைனா சாவதற்கு ஒரு வாரம் முன்பு இன்னொரு பிடி. எழுதிய வெற்றி தோற்கலாமா?

மைனாவைப் பார்த்து நின்றபோதுதான் உறைத்தது. முந்தின நாள் அந்தக் காய்களைப் பக்கத்து வீட்டுச் செல்விக்குக் கொடுத்திருந்தேன். அவள் மகள் கௌரி, ஏழு மாதக் கர்ப்பிணி, அங்கேதான் இருக்கிறாள்.

ஓடினேன்.

"இன்னா சார், இப்டி மூச்சு வாங்குது?" என்றாள் செல்வி.

"அந்தக் கத்தரிக்காய்... சமைச்சிட்டியாம்மா?"

"பின்ன? மருந்து போடாத காய்னு நீங்கதானே எழுதுனீங்க! நேத்தே வதக்கிட்டேன். எனக்கு ஒரு துண்டு வச்சாளா பாருங்க, எல்லாத்தையும் இவளே துன்னுட்டா."

கௌரி வயிற்றைத் தடவியபடி சிரித்தாள். "சூப்பரா இருந்துச்சு மாமா. இன்னும் இருந்தா குடுங்க."

எல்லாவற்றையும் சொன்னேன். செல்வி கத்தவில்லை. கத்தியிருக்கலாம். "படிச்சவருன்னு நம்புனேன் சார்" என்றாள், அவ்வளவுதான். ஆட்டோ பிடித்து மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

இப்போதைக்குப் பாதிப்பு ஒன்றும் தெரியவில்லை, கவனித்துக்கொண்டே இருங்கள் என்றார் டாக்டர்.

செடிகளைப் பிடுங்கிவிட்டேன். வேப்பம் புண்ணாக்கின் மேல் குற்றமில்லை. அதற்குப் பொறுமை வேண்டும், எனக்கு அது இல்லை.

தினமும் விடிந்ததும் மதிலோரம் போய் நிற்கிறேன். அந்தப் பக்கம் கௌரியின் குரல் கேட்கும்வரை, காபி போட உள்ளே போவதில்லை.