பூஜையில் வைத்த சாயக் கரைசல்

எழுபதுகளில் திருத்தணியில் ஒரு சிறிய பரிசோதனைக்கூடத்தில் டெக்னீஷியனாக இருந்தேன். ஆயுத பூஜைக்கு ஊருக்குப் போய்விட்டு மறுநாள் காலை வந்து பார்த்தால், சாமி படத்துக்கு முன்னால் திசுக்களுக்குச் சாயம் ஏற்றும் என் ஷிஃப் கரைசல் பாட்டில் சந்தனம், குங்குமத்தோடு ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது.

அந்தக் கரைசல் தண்ணீர் மாதிரி நிறமே இல்லாமல் இருக்கவேண்டும். வெளிச்சம் படாமல் கறுப்புத்தாள் சுற்றி, ஃப்ரிட்ஜில் வைத்திருந்தேன். பூஜையில் கறுப்பு ஆகாது என்று கூடத்தைப் பெருக்கும் எங்கள் ஆயா தாளை உரித்துப் பொட்டு வைத்து, வெயில் விழும் ஜன்னலோரம் வைத்துவிட்டார். பூஜையில் வைத்ததை அன்றைக்கே எடுக்கவும் கூடாதே. கரைசல் ரோஸ் நிறமாகிக் கெட்டுப்போயிருந்தது.

"சாமிக்கு வெச்சதும் சும்மா கலர் ஏறிகினே வந்துச்சுங்க" என்று ஆயா பூரித்துப்போய்ச் சொன்னார். சிரிப்பதா, அழுவதா?

வெளியே பெஞ்சில் பள்ளிப்பட்டு நெசவாளி ஒருவர் முடிவுக்காகக் காத்திருந்தார். மூக்கில் வளர்ந்த கட்டியைப் புற்று என்று ஊரே தீர்மானித்துவிட, மனுஷர் தன் கல்யாணத்தையே நிறுத்தச் சொல்லியிருந்தார். நிச்சயமான மாமன் மகளோ கேட்பதாக இல்லை. தன் அம்மாவையும் இழுத்துக்கொண்டு அவர் பின்னாலேயே வந்துவிட்டாள். மருத்துவருக்குப் பூஞ்சையோ என்று சந்தேகம். கட்டியிலிருந்து சீவிய திசுவை ஓர் அமிலத்தில் நனைத்தால், பூஞ்சையின் செல் சுவரில் ஆல்டிஹைடு என்ற வேதிப்பொருள் உண்டாகும். ஷிஃப் கரைசல் அதை மட்டும் மஜந்தாவாகக் காட்டிக்கொடுத்துவிடும்.

நாளைக்கு வாருங்கள் என்றேன். அவர் முகம் செத்துவிட்டது. "அவள வேற எடத்துல குடுத்துடச் சொல்லுங்க" என்றார். அவள் காதிலேயே வாங்காமல், மலைக்குப் போய்விட்டுச் சத்திரத்தில் தங்கிக்கொள்கிறோம் என்று அவரைக் கிளப்பிக்கொண்டு போனாள்.

டப்பாவைத் தட்டி, மிச்சமிருந்த சாயப்பொடியைக் கொதிநீரில் கரைத்து, சேர்க்கவேண்டியதைச் சேர்த்து இருட்டில் வைத்தேன். காலையில் கரித்தூள் போட்டு வடிகட்டினேன். தெளிந்த தண்ணீராக இறங்கியது. சோதிப்பதற்காக, ஆல்டிஹைடு உள்ள ஃபார்மலினில் சில சொட்டு விட்டதும் குப்பென்று சிவந்தது. அப்பாடா!

திசுவுக்குச் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், பளீரென்று மஜந்தா வட்டங்கள். பூஞ்சையேதான்! புற்று இல்லை, அறுத்து எடுத்தால் போதும் என்றார் மருத்துவர். எனக்கே கல்யாணம் நிச்சயமானதுபோல் பெஞ்சுக்கு ஓடினேன்.

அவர் நம்பவில்லை. உள்ளே கூட்டிவந்து காட்டினேன். கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே நின்றார். அவரைத் தள்ளிவிட்டு அவளும் எட்டிப் பார்த்தாள். பிறகு அத்தான் பக்கம் திரும்பினாள்.

"பாவா, என் மூர்த்தப் பொடவைய இந்தக் கலர்லயே நெய்ஞ்சு குடு."

அதுவரை முகம் தெளியாத மனுஷர், சுவரில் சாய்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். மருத்துவரும் நானும் சேர்ந்துகொண்டோம்.

அதற்குப் பிறகு எத்தனையோ திசுக்களுக்குச் சாயம் ஏற்றிவிட்டேன். ஒவ்வொரு முறையும், தன் கல்யாணத்தை நிறுத்திவிட்டு யாரோ ஒருவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டுதான் கண்ணாடித்தகட்டைக் கையில் எடுக்கிறேன்.