பன்னிரண்டாம் நம்பர் அலறல்

நம்புகிறவர்கள் நம்புங்கள், மற்றவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். நான் அந்த அறைக்குள் இருந்தேன். என் சட்டையில் தெறித்த ரத்தத்தை நானேதான் கழுவினேன்.

ஹாலிவுட்டில் எங்கள் கால்டர்வுட் ஸ்டுடியோவை ஒரு மெத்தைக் கம்பெனி வாங்கியிருந்த நேரம். 1970. ராஜா உடைகளை ஏலம் விட்டார்கள். கப்பல் செட்டை விறகாக விற்றார்கள். சவுண்ட் லைப்ரரிக்கு மட்டும் நல்ல கிராக்கி. குதிரைக் குளம்பு, துப்பாக்கி, இடி என்று எல்லாச் சத்தங்களையும் புது டேப்பில் ஏற்றிக் கொடுத்தால் எனக்கும் ஹெர்ஷுக்கும் வேலை நிலைக்கும். இல்லாவிட்டால் வீட்டுக்கு நடையைக் கட்ட வேண்டியதுதான்.

ஹெர்ஷ் லூபின் என் மேலதிகாரி. முப்பது வருஷத்துக்கு மேலாக அங்கே சவுண்ட் ஆள். வாய் ஓயாது.

அன்று மதியம் பன்னிரண்டாம் நம்பர் டேப்பை எடுத்தேன். எங்கள் ஸ்டுடியோவின் பெயர்போன அலறல். ஈட்டி குத்தினாலும் சரி, ரயிலிலிருந்து விழுந்தாலும் சரி, எங்கள் படங்களில் அந்த ஒரே ஆள்தான் கத்துவான்.

“இதை விட்டுடுடா ரமோன்.”

“ஏன் சார், நம்ம செல்லப் பிணத்தை விக்க மனசு வரலையா?”

அவர் சிரிக்கவில்லை. அதுவே எனக்கு உறுத்தியது.

“இது இல்லேன்னா வாங்க மாட்டானுங்க. ரெண்டு பேர் சோத்துலயும் மண்ணு,” என்றேன். சத்தங்களைச் சேர்க்கிற மிக்ஸிங் தியேட்டரின் கதவைச் சாத்தினேன். சாத்திவிட்டால் அங்கே பட்டப்பகலும் நள்ளிரவுதான்.

மணி 2:10. ஏற்றுவதற்கு முன் கேட்டு மட்டும் பார்ப்போம் என்று ஓட்டினேன். அலறல் வந்தது. இரண்டு விநாடி. வழக்கமாக அங்கே முடிந்துவிடும்.

முடியவில்லை.

யாரோ மூச்சு வாங்கினார்கள்... பிறகு ஒரு ‘தொப்’. ஈரச் சாக்கைத் தடியால் அடிப்பது போல.

“சார், இது முன்னாடி இருந்துச்சா?”

“நிறுத்துடா.”

நிறுத்தினேன். டேப் நின்றது. சத்தம் நிற்கவில்லை.

தொப்... தொப்...

ஸ்பீக்கரிலிருந்து அல்ல. எங்களுக்குப் பின்னாலிருந்து.

ஹெர்ஷின் நெற்றி பிளந்தது. அருகில் யாருமே இல்லை. கையைத் தூக்கித் தடுத்தார்... கை முறிந்தது.

“நான் அடிக்கலப்பா... மைக் மட்டும்தான் பிடிச்சேன்...”

தொப்.

அலறினார்.

இரண்டு விநாடி.

போலீஸ் என்னைத்தான் பிடித்தது. செத்த ஹெர்ஷின் மண்டைக்குள் மரச்சிராய்கள் இருந்தனவாம். அறையில் தடி எதுவும் கிடைக்காததால் விட்டுவிட்டார்கள்.

பிறகு பழைய கேட் காவலாளி மெக்கார்ட்டி என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்.

“முப்பத்தேழாம் வருஷ ஸ்ட்ரைக்ல, கேட்டுக்கு வெளிய ஒரு பெயின்டரை எங்காளுங்க அடிச்சே கொன்னாங்க. ஹெர்ஷ் மைக்கோட நின்னான். தடுக்கல. அந்தக் கத்தலைப் பதிவு பண்ணி ஸ்டுடியோவுக்குக் கொடுத்தான். மறு வாரமே அவனுக்குப் பதவி.”

மீதி டேப்புகளை வேறு ஆள் ஏற்றினான். லைப்ரரி விற்றது. என் வேலை நிலைத்தது.

அடுத்த வருஷம், லைப்ரரியை வாங்கியவர்களின் முதல் படத்துக்குப் போனேன். கொள்ளைக்காரர்கள் இருவர் மாடியிலிருந்து விழுகிறார்கள். முதல் ஆளுக்கு அதே பழைய அலறல். இரண்டாவது ஆளுக்கு ஹெர்ஷின் குரல். பக்கத்து சீட்காரர் ரசித்துச் சிரித்தார்.

அன்று அந்த அறையில், பதிவு மெஷினுக்கு நான் பிளக்கே சொருகவில்லை.