அப்பாவும் வழுதலங்காயும்

போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று அப்பா எந்தக் கேமராவின் முன்னாலும் நின்றதில்லை. என் கல்யாணத்தில்கூடப் படம் பிடிக்கிற நேரம் பார்த்துப் பந்தலுக்குப் பின்னால் போய்விட்டார். அப்படிப் பத்திரப்படுத்திய ஆயுசோடு ஐம்பத்திரண்டு வயதில் போய்ச் சேர்ந்தார்.

முதல் திவசத்துக்கு நாலு மாதம் இருக்கும்போது அம்மா கேட்டாள்.

"மக்கா, நாளாக நாளாக அவிய மொகம் எனக்குத் தெளிய மாட்டேங்கு. நீ ஒண்ணு வரஞ்சு தாயேன்."

நான் தாலுகா ஆபீசில் குமாஸ்தா. அதுவரை நான் வரைந்ததெல்லாம் கடிதங்களின் கீழே அடிக்கோடு மட்டும். ஆனால் அம்மா என்னிடம் எதையும் கேட்டவள் இல்லை. தெரியாது என்று சொல்ல எனக்கும் எப்போதுமே வெட்கம். சரி என்றுவிட்டேன்.

நாகர்கோவிலில் பழைய புத்தகம் விற்பவரிடம், வாத்தியார் இல்லாமலே ஓவியம் கற்றுத்தரும் இங்கிலீஷ் புத்தகம் ஒன்று கிடைத்தது. முதல் பாடமே, மனிதத் தலை முட்டை வடிவம் என்பதுதான். முட்டை ஒன்றை எதிரே வைத்து, அதன் கூர்முனை மோவாயாக அமையும்படி தினமும் வரைந்து பழக வேண்டுமாம். எழுதிய வெள்ளைக்காரருக்கு எங்கள் வீட்டைத் தெரியாது. எங்கள் சைவ அடுக்களையில் முட்டை என்ற பேச்சை எடுத்தாலே அம்மா பாத்திரங்களையெல்லாம் ஒருமுறை கழுவுவாள். தேடிப் பார்த்ததில், ஏறக்குறைய அந்த வடிவத்தில் வெள்ளை வழுதலங்காய் ஒன்று அகப்பட்டது. வெளியூர்க்காரர்கள் கத்தரிக்காய் என்பார்களே, அதுதான்.

ஒரு சின்னச் சிக்கல். வழுதலங்காய் காம்புப் பக்கம் ஒடுங்கி, அடிப்பக்கம் பெருத்திருக்கும். தலைகீழாக வைத்தால் நிற்காமல் உருளும். ஆகவே காம்பு மேலே இருக்கும்படியே வைத்து மூன்று மாதம் வரைந்தேன். மலையாளச் சீமையிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஊரே கொதித்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. டீக்கடையில் பேச்சு முற்றிச் சட்டை கிழியும். நான் மட்டும் காயின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தேன். அதுவும் முழுதாக நடக்காது. "வரஞ்சாச்சுன்னா குடு மக்கா, புளிக்கறிக்கு ஒண்ணு கொறையுது" என்று அம்மா வந்து நிற்பாள்.

கடைசியில் அப்பாவை வரைந்தேன். நெற்றி ஒடுங்கி, கன்னம் இரண்டும் தொங்கி, யாரோ ஒருவர் காகிதத்திலிருந்து என்னைப் பார்த்தார். எங்கேயோ பார்த்த முகமாகவும் இருந்தது. அம்மாவின் அண்ணன் வந்தபோதுதான் விளங்கியது. அவருக்கும் அப்பாவுக்கும் இருபது வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. மாமா படத்தைக் கையில் எடுத்துப் பார்த்து முகம் மலர்ந்துவிட்டார்.

"என்னைய எதுக்குடே வரஞ்ச? மீச மட்டும் எனக்குக் கெடையாதே."

கேட்டு வாங்கிக்கொண்டு போனவர் தன் வீட்டுக் கூடத்தில் மாட்டியும் விட்டார். அப்பா உயிரோடு இருந்திருந்தால் அதைப் பார்த்தே செத்திருப்பார்.

எனக்கு அவமானமாக இருந்தது. திவசத்துக்கு ஒரு வாரமே இருந்தது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, காகிதமும் பென்சிலுமாக அம்மாவின் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

"நீ சொல்லு, நான் வரையுதேன். அப்பா மூக்கு எப்படி இருக்கும்?"

அம்மா யோசித்தாள். புருவத்தைக் கேட்டேன். நெற்றியைக் கேட்டேன்.

"நான் எங்க மக்கா அவிய மொகத்த நேரா பாத்தேன்? முன்னால நின்னு மொகத்தப் பாத்துப் பேசுத வழக்கமா அப்ப? சோறு வெளம்பும்போதுதான் கிட்ட நிப்பேன். அப்பமும் எலையத்தான் பாத்தேன். சோறு வேணுமா போதுமான்னு அவிய கையப் பாத்தாத் தெரியும்."

முப்பது வருஷம் அவள் பார்த்தது ஒரு கையை. எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே பென்சிலைச் சீவினேன்.

என் இடது கையைக் கண்ணாடிக்கு முன்னால் நீட்டினால், கண்ணாடியில் அது வலது கையாகத் தெரியும். அதைப் பார்த்து, இலையின் மேல் விரல்களை விரித்து, போதும் என்று தடுக்கிற அப்பாவின் கையை வரைந்தேன். அவருக்கும் எனக்கும் ஒரே விரல்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. இலையில் சோற்றையும் பருப்பையும் மட்டும் போட்டேன். மற்றதெல்லாம் எனக்கு வரைய வராது.

திவசத்தன்று காலை அதை அம்மாவிடம் கொடுத்தேன். யார் என்று அவள் கேட்கவில்லை. பார்த்ததும் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு படத்திலிருந்த இலையைப் பார்த்துச் சொன்னாள்.

"பருப்புதான மக்கா விட்டிருக்கு. இன்னும் ரெசம்கூட வெளம்பல்ல. அதுக்குள்ள கைய மறிச்சிட்டாவளே."