ரப்பர் அக்காவின் காது

குடியேற்ற அலுவலகத்தின் மூன்றாம் எண் அறையில் அவள் மேசை சுவரைப் பார்த்துக் கிடக்கும். எந்தப் புண்ணியவான் அப்படிப் போட்டானோ, யாரும் திருப்பவில்லை. இருபத்தாறு வருஷமாக அவள் முதுகுக்குப் பின்னால் அதிகாரி கேட்பார், வந்தவர் சொல்வார், அவள் தட்டச்சு செய்வாள். பழைய இயந்திரக் காலத்தில் கையில் ரப்பரோடு இருந்ததால் ரப்பர் அக்கா. கணினி வந்து ரப்பர் போயிற்று. பெயர் போகவில்லை.

அவளுக்குப் பிடித்தவர்கள் பொய்யர்கள்.

"தங்கமான ஆளுங்க. கடகடன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க, ஒரு எழுத்து அழிக்க வேண்டாம். நிஜம் பேசறவங்கதான் என் உசுரை வாங்கறது" என்பாள் சாப்பிடும்போது. தமாஷ் என்று சிரிப்பார்கள்.

புது அதிகாரி மூன்று நாள் பயிற்சிக்குப் போய் ஒரு தாளோடு திரும்பி வந்தார். கண்ணைப் பார்க்காவிட்டால் பொய். பதிலுக்குத் தயங்கினால் பொய். மூக்கைத் தொட்டால் பெரும் பொய். அன்று முதல் சளி பிடித்தவர்கள் பாடு திண்டாட்டமாயிற்று.

அன்றைக்கு வந்தவர் கடல் தாண்டி வந்த தச்சர். ஆறு வருஷமாக இங்கே வேலை, இரண்டு வருஷம் முன்பு உள்ளூர்த் தையல்காரியோடு கல்யாணம். அது நிஜக் கல்யாணமா, காகிதக் கல்யாணமா என்று பார்க்க வேண்டும். காகிதம் என்று அதிகாரி எழுதிவிட்டால் தச்சர் முப்பது நாளில் கப்பலேற வேண்டியதுதான். மனைவி வெளியே பெஞ்சில் இருந்தாள்.

"வீட்ல யார் முதல்ல எழுந்திருப்பீங்க?"

ரப்பர் அக்கா கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டாள். அப்புறம்தான் பதில் வந்தது.

"நான். இல்ல, அவ. மழை நாள்ல நான்."

அழித்தாள்.

"என்னைப் பாத்துச் சொல்லுங்க. மேசைக் காலை ஏன் பாக்கறீங்க?"

அதிகாரியின் பேனா சரக்கென்று ஒரு டிக் போட்டது.

"கடைசியா எப்ப சண்டை போட்டீங்க?"

"செவ்வாய்... இல்ல, திங்கள். செவ்வாய் அவ பேசவே இல்ல."

அழித்தாள். சரக். அரை மணி நேரம் அவள் அழிப்பதும் அதிகாரி டிக் போடுவதுமாகப் போயிற்று. பிறகு முத்திரைப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது.

ரப்பர் அக்கா நாற்காலியோடு திரும்பினாள். அது வலித்தது போலக் கிறீச்சிட்டது. தட்டச்சு செய்பவர்களுக்கு அந்த அறையில் வாய் கிடையாது என்பது விதி.

"சார், காலையில நீங்க நிஜம்னு எழுதி அனுப்பின ஜோடிக்கு நான் ஒரு எழுத்துகூட அழிக்கல. இவருக்குப் பதினேழு இடம்."

"அதுக்கென்னக்கா?"

"கதை கட்டறவங்க மனப்பாடம் பண்ணிட்டு வருவாங்க. வாழ்ந்தவங்களுக்குத்தான் திங்களா செவ்வாயான்னு வரும்."

"என் மூஞ்சியையே பாக்க மாட்டேங்கறாரே?"

"நான்கூடத்தான் இருபத்தாறு வருஷமா எந்த ஆபீசர் மூஞ்சியும் பாக்கல. என் வேலையும் பொய்யா சார்?"

அதிகாரியின் கை தானாக மூக்குக்குப் போனது. பாதி வழியில் இறக்கிக்கொண்டார். தச்சரை வாய் திறக்கக் கூடாது என்று எச்சரித்துவிட்டு மனைவியை உள்ளே கூப்பிட்டார்.

"உங்க வீட்டுக்காரர் ஏம்மா தரையையே பாக்கறார்?"

"அவங்க ஊர்ல பெரிய பதவியில இருக்கறவங்களை நேராப் பாத்தா சண்டைக்குக் கூப்பிடற மாதிரி சார். சட்டுனு பதில் சொன்னாலும் கேட்டவங்களை மதிக்கலன்னு அர்த்தம். எங்கப்பாகிட்ட பொண்ணு கேக்க வந்தப்பவும் அவர் செருப்பையே பாத்துட்டு நின்னார். எங்கப்பா, 'ஏம்ப்பா, பொண்ணு வேணுமா, செருப்பு வேணுமா'ன்னார்."

"கடைசியா சண்டை?"

"திங்கக்கிழமை. செவ்வாய் நான் பேசல. இல்ல இருங்க, ஞாயித்துக்கிழமையே இவர் ஆரம்பிச்சுட்டார்."

"நானா? நீதான்!"

தச்சர் தலையை நிமிர்த்தி மனைவியை முறைத்தார். நேராக, இமைக்காமல். ரப்பர் அக்கா முதல்முறையாக, தான் தட்டச்சு செய்த ஒரு குரலின் முகத்தைப் பார்த்தாள். நல்ல முகம்தான்.

அதிகாரி வேறு முத்திரையை எடுத்து ஓங்கிக் குத்தினார். மேசை ஆடியது.

"காலையில வந்தவங்களை நாளைக்கு மறுபடி வரச் சொல்லுங்கக்கா."

தச்சர் எழுந்து, மறுபடி தரையைப் பார்த்து, கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார். "சார், உங்க மேசை வலது கால் ஆடுது. இல்ல, இடது கால். வந்ததுலேர்ந்து பாத்துட்டிருக்கேன்."

ரப்பர் அக்கா சுவர்ப் பக்கம் திரும்பி, அதையும் தட்டச்சு செய்து, ஒரு சொல்லை அழித்தாள்.